பனிக்காலத்துக்கு மூச்சைத் திருகியவள்

பெற்றீசியாவுக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரும் ஏமாந்துவிட்டதாகக் குறைப்படக் கூடாது. மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் அவள். மலை ஊற்றிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள். அப்படிப்பட்டவள்தான் பதினான்கு வருடமாகத் திருகோணமலைக் கடலுக்குள் இறங்கும் சுழியோடிகளின் மூச்சைச் சரிபார்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். கடல் அவளை நனைத்தது முழங்கால் வரைக்கும்தான். அதுவும் ஒருநாள் செருப்பை அலை இழுத்துக்கொண்டு போனபோது அதைப் பிடிக்க ஓடியதால்.

இருபத்துமூன்று வயதில், சுழியோடக் கற்றுக்கொடுக்கும் ஒரு நிலையத்துக்குச் சமையல் வேலைக்கென்று திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளிக்குப் போனாள். அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்ட வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் கண்ணீரோடு எழுந்து போனார்கள். மூன்றாம் வாரம் முதலாளி அவளை அடுப்படியிலிருந்து எடுத்துச் சாமான் கழுவும் தொட்டிக்கு மாற்றிவிட்டார். கடலிலிருந்து வந்த ரப்பர் உடுப்பு, கண்ணாடி, ரெகுலேட்டர் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போட வேண்டும். உப்பு காய்ந்து ஒட்டிவிட்டால் சாமான் கெட்டுவிடும் என்பதால் ஒரு நாளும் அது தவறக் கூடாது. பெற்றீசியா ஒரு நாளும் தவறவிடவில்லை.

அங்கே ரெகுலேட்டர் பழுதுபார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் ஒருநாள் மாலைதீவுக்குப் போய்விட்டான். சீசன் நடுவில், பதினொரு ரெகுலேட்டரை வாளியில் போட்டுவிட்டு. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, "நான் ஒன்னக் கழட்டிப் பாக்கவாங்க ஐயா?" என்று பெற்றீசியா கேட்டாள். இழப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்ற நிலையில் இருந்த மனிதர் தலையாட்டிவிட்டார். அவள் தலையணை உறையை விரித்து, கழற்றிய ஒவ்வொரு துண்டையும் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினாள். இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் பூட்டிச் சிலிண்டரில் மாட்டினால் ஒரு சொட்டுக் காற்றுகூட ஒழுகவில்லை.

ரெகுலேட்டர் என்பது பெரிய மாயமல்ல. சிலிண்டருக்குள் காற்று இருநூறு மடங்கு அழுத்தத்தில் அடைந்து கிடக்கும். அதை அப்படியே வாயில் விட்டால் ஆள் காலி. அதனால் சிலிண்டரின் கழுத்தில் பூட்டும் பித்தளைக் கட்டை அந்த அழுத்தத்தை ஒன்பது, பத்துக்குக் கொண்டுவரும். அங்கிருந்து குழாய் வழியாக வரும் காற்றை, வாயில் கடிக்கும் பகுதி, இழுக்கும்போது மட்டும் திறந்து கொடுக்கும். இரண்டிலும் ஒவ்வொரு சுருள்வில், அதை இறுக்கவும் தளர்த்தவும் ஒவ்வொரு திருகு. இந்த இரண்டு திருகையும் அவளைப்போல் அறிந்தவர்கள் அந்தக் கரையில் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதை மறுத்துப் பேசியதில்லை.

அவளுக்கு இருந்த ஒரே கெட்ட குணம், அழுத்தத்தைக் காட்டும் மீட்டரை நம்பிய அளவுக்கு மனிதரை நம்பாததுதான். கடலிலிருந்து வந்த யாராவது, "அக்கா, இழுக்கக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு" என்றால், சிலிண்டரில் மாட்டி மீட்டரைக் காட்டுவாள். "இங்க பாருங்க, ஒன்பதரை. அச்சு மாறாம நிக்குது. ஒங்க நெஞ்சுலதான் சளி." அந்தக் கரையில் பாதிப் பேருக்குச் சளி பிடித்திருந்தது, பெற்றீசியாவின் கணக்குப்படி.

இந்த வருடம் தை மாதம், கிழக்குக் கடல் கொந்தளித்துச் சுழியோடிகள் எல்லோரும் சும்மா இருந்த நேரத்தில், மலையிலிருந்து ஒரு வேலை வந்தது. பெற்றீசியாவின் ஊருக்கு மேலே ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அதிலிருந்து மின்சாரத்துக்குத் தண்ணீர் போகும் சுரங்க வாயின் கம்பித் தடுப்பில் குப்பை அடைத்துவிட்டது. நாலு பேர் இறங்கி அள்ள வேண்டும். சுழியோடிகளுக்குத் தலைவன் அழகன், ஹட்டனில் பிறந்து திருகோணமலையில் சுழியோடக் கற்றவன், வயது இருபத்தாறு. "நம்ம ஊர்ப் பக்கம்தானக்கா, நீங்களும் வாங்க" என்று அவன்தான் அவளைக் கூட்டிவந்தான். அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தங்கச்சி றொசானாவின் வீடு நீர்த்தேக்கத்திலிருந்து ஆட்டோவில் அரைமணி நேரம். சொந்த ஊரில், சொந்தத் தங்கச்சி வீட்டில் இருந்துகொண்டு வேலைக்குப் போவது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

முதல் நாள் பின்னேரம் சும்மா ஒரு ஒத்திகை. நாலு பேரும் இறங்கி ஏறினார்கள், எல்லாம் நன்றாகவே இருந்தது. பெற்றீசியா சாமானை எல்லாம் றொசானா வீட்டுக்குக் கொண்டுவந்து, பீலித் தண்ணீரில் அலசி, வாசல் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டாள். பிறகு தங்கச்சியோடு ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு இரண்டு கம்பளிக்குள் புகுந்து தூங்கிப்போனாள்.

சுரங்க வாயை ஒன்பது மணி வரைக்கும்தான் மூடித் தருவார்கள். அதனால் மறுநாள் விடிந்தும் விடியாத ஆறரைக்கே எல்லோரும் அணைக்கட்டில் நின்றார்கள். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் பழனியாண்டி கண் மட்டும் தெரியக் குரங்குக் குல்லா போட்டிருந்தார். பேசும்போதெல்லாம் அந்தக் குல்லாவின் ஓட்டையிலிருந்து புகை வந்தது. அழகன் ரெகுலேட்டரை மாட்டி, வாய்ப் பகுதியின் பொத்தானை அழுத்திப் புஸ், புஸ் என்று மூன்று நான்கு முறை காற்றை விட்டுப் பார்த்தான். கடலில் அப்படித்தான் பார்ப்பார்கள். கடித்துக்கொண்டு இறங்கினான்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தண்ணீர் கொதிப்பதுபோல் ஒரே குமிழி. அழகன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வாயிலிருந்து எடுத்த பிறகும் ரெகுலேட்டர் நிற்காமல் காற்றைக் கொட்டிக்கொண்டே இருந்தது. சிலிண்டர் முக்கால்வாசி காலி.

"தொறந்த கதவு மாதிரி கொட்டுதுக்கா," என்றான் அழகன், இருமிக்கொண்டே. "எட்டு மீட்டருக்குக் கீழ. மூடவே மாட்டேங்குது. மூஞ்சியெல்லாம் காத்து. எது மேல, எது கீழன்னே தெரியல."

பெற்றீசியா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பித்தளைக் கட்டை மேல் வெள்ளையாக உறைபனி பிடித்திருந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சாமான்போல் விரலைக் கடித்தது. பதினான்கு வருடத்தில் அவள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

பழனியாண்டி குல்லாவைக் கழற்றிக்கொண்டு வந்தார். குல்லா இல்லாமல் அவர் பேசுகிறார் என்றால் விசயம் பெரியது. "தங்கச்சி, நான் ஒங்கள ஏசல. ஆனா புள்ளைங்க உசிரு பாருங்க. நாளைக்கு ஒருநா பாப்போம். சரி வரலன்னா கொழும்புல இருந்து வேற ஆளுங்க, வேற சாமானோட வருவாங்க. ஒங்களுக்கு வேல இல்ல."

வேலை போனால் போகிறது. ஆனால் பெற்றீசியா பூட்டிக் கொடுத்தது தண்ணீருக்குள் ஒருவனைக் கைவிட்டது என்ற செய்தி, அவள் பஸ் ஏறுவதற்கு முன்பே திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதன் பிறகு அவள் தொட்ட சாமானை எவன் வாயில் வைப்பான்? பதினான்கு வருடத்துப் பேர், எட்டு மீட்டர் ஆழத்தில்.

பகல் முழுவதும் றொசானா வீட்டு மேசையில் நாலு ரெகுலேட்டரையும் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வில் சரி. ரப்பர் வளையம் சரி. மீட்டரில் மாட்டினால் ஒன்பதரை, அசையவில்லை. யார் மேலாவது கோபப்படலாம் என்றால், மேசையில் இருந்த எதுவுமே குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

பின்னேரம் றொசானா பறித்த கொழுந்தை எடை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டே அக்காளின் முகத்தைப் பார்த்தாள், கதையைக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ராவு முழுக்க இதுங்க எங்க கெடந்துச்சு?"

"கொடியிலதான். அலசிட்டு ஒணரப் போட வேணாமா?"

"வெளியிலயா?" றொசானா சாக்கைக் கீழே போட்டாள். "ஏன்க்கா, ஒனக்குக் கிறுக்கா? பத்தாம் நம்பர் மலையில கொழுந்தெல்லாம் பனி பொசுக்கிக் கருகிக் கெடக்கு. காலையில வேல பிரிக்கிற பெரட்டுல கங்காணி அதத்தான் சொல்லிச் சொல்லி அழுவுறாரு. மொளகா நாத்துக்கே நான் சாக்கு போத்தி வச்சிருக்கேன். நீ என்னான்னா ஈரச் சாமான வெளிய தொங்கவுட்டிருக்க!"

பெற்றீசியா கையிலிருந்த மீட்டரைக் கீழே வைத்தாள். தை மாதப் பனியில் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள். கருகிய தேயிலையைச் சின்ன வயதில் கையால் கசக்கிப் பார்த்தவள். கடற்கரையில் அலசிக் காயப்போட்ட கை, ஊருக்கு வந்தும் அதையே செய்திருக்கிறது. கடற்கரையில் பிறந்தவன் இந்தத் தப்பைச் செய்தால் மன்னிக்கலாம். இவள் செய்ததை என்னவென்று சொல்வது!

"என் புத்திய செருப்பால அடிக்கணும்," என்று அவளே சொன்னாள்.

அதன் பிறகு எல்லாம் விளங்கிவிட்டது. அழுத்தத்திலிருந்து விடுபடும் காற்று சட்டென்று குளிர்ந்துபோகும். கடலில் அது தெரியாது, வெதுவெதுப்பான தண்ணீர் அதைச் சரிக்கட்டிவிடும். இங்கே தண்ணீரே குளிர். உள்ளே தங்கிய ஈரம் இரவிலேயே பாதி உறைந்திருக்கும். விடியற்காலை அழகன் புஸ், புஸ் என்று காற்றை விட்டபோது மிச்சமும் உறைந்திருக்கும். ஐஸ் மாட்டிய வால்வு எப்படி மூடும்? அதோடு ஒன்பதரை என்பது கடலுக்கு வைத்த அளவு. குளிருக்கு அது அதிகம்.

அவள் வேலையை ஆரம்பித்தாள். எல்லாத் துண்டையும் துணியால் ஒற்றி, அடுப்படிச் சூட்டில், நெருப்புக்குக் கிட்டப் போகாமல், ஈரம் போகும் வரை உலர்த்தினாள். அவளுடைய தகரப் பெட்டியின் அடியில் நாலு ரப்பர் மூடிகள் கிடந்தன. ரெகுலேட்டரோடு வெளிநாட்டிலிருந்து வந்தவை. கடலில் தேவைப்படாததால் யாரும் தொடாதவை. பித்தளைக் கட்டையின் வில் இருக்கும் குழியில் சிலிக்கோன் எண்ணெய் ஊற்றி, அந்த மூடியைப் போட்டு அடைத்தாள். இனித் தண்ணீர் வில்லைத் தொடாது. பிறகு திருகைத் தளர்த்தி அழுத்தத்தை ஒன்பதரையிலிருந்து எட்டரைக்கு இறக்கினாள். கடைசியாக வாயில் கடிக்கும் பகுதியின் வில்லை அரைச் சுற்று இறுக்கினாள், தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க. அரைச் சுற்று போதும். ஆனால் அழகனின் வெளுத்த முகம் ஞாபகம் வந்தது. பயத்தில் இன்னொரு கால் சுற்றும் இறுக்கினாள். ரெகுலேட்டர்களைக் கம்பளியில் சுற்றி, றொசானாவின் கட்டிலில் தங்களோடு படுக்கவைத்தாள்.

மறுநாள் காலை, அணைக்கட்டில் அவள் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். தண்ணீருக்குள் போகும் வரை யாரும் பொத்தானை அழுத்தக் கூடாது, மூச்சும் இழுத்துப் பார்க்கக் கூடாது என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அழகன் மட்டும் ரெகுலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னாடா?"

"ஒங்க மேல கோவம் இல்லக்கா. சத்தியமா. ஆனா வாயி தொறக்க மாட்டேங்குது." அவன் வெட்கப்பட்டான். பிறகு வெட்கத்தை மறைக்கச் சிரித்தான். "வேணும்னா நீங்க ஒருக்கா கடிச்சுக்கிட்டு எறங்கிக் காட்டுங்க. அப்பறம் நான் போறேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். பழனியாண்டிகூடக் குல்லாவுக்குள் சிரித்தார். பெற்றீசியா சிரிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள். மேலே ஆவி பறந்துகொண்டிருந்தது. அவளுக்கு உண்மையிலேயே பயம். அதை ஒளிக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஸ்வெட்டரைக் கழற்றினாள்.

"எங்க ஒடுப்பு?" என்றாள்.

ரப்பர் உடுப்புக்குள் அவளை ஏற்றுவது தனிக் கதை. அணைக்கட்டுக் காவல்காரரின் அறைக்குள் அவளும் உடுப்பும் கால்மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். முதுகு ஜிப்பை இழுக்கக் காவல்காரரின் மனைவி வந்து, காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். வெளியே வந்தபோது பெற்றீசியாவால் கையை மடக்க முடியவில்லை. "ஒருத்தரும் போட்டோ எடுக்கக் கூடாது," என்றாள். இரண்டு பேர் போனைப் பைக்குள் வைத்தார்கள்.

படகுத் துறையில் படிகள் தண்ணீருக்குள் இறங்கிப் போகின்றன. அழகன் சிலிண்டரையும் கண்ணாடியையும் மாட்டிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சிலுவை போட்டுக்கொண்டு, ரெகுலேட்டரைக் கடித்தாள். முழங்கால், இடுப்பு, கழுத்து. உடுப்புக்குள் தண்ணீர் புகுந்தபோது அவள் போட்ட சத்தம் ரெகுலேட்டருக்குள்ளிருந்து ஊதுகுழல்போல் வந்தது. பிறகு தலையும் உள்ளே போயிற்று.

முதல் மூச்சை அவளால் இழுக்கவே முடியவில்லை. உடம்பு மறுத்தது. தண்ணீருக்குள் வாயைத் திறக்காதே என்று பிறந்ததிலிருந்து சொல்லிவந்த உடம்பு. அழகன் அவள் கையை அழுத்தினான். இழுத்தாள். காற்று வந்தது. விட்டாள், குமிழிகள் காதோரம் கடகடவென்று ஓடின. மறுபடியும் இழுத்தாள், மறுபடியும் வந்தது. பதினான்கு வருடமாக மேசையில் கேட்ட அதே சத்தம்தான், இப்போது அவளுக்கே வந்துகொண்டிருந்தது. படியில் முழங்காலிட்டு அவள் அழுதாள் என்று நினைக்கிறார்கள். கண்ணாடிக்குள் தண்ணீர் இருந்தது உண்மை.

அழுவதற்கு மட்டும் அவள் இறங்கவில்லை. வேகவேகமாக மூச்சு வாங்கினாள். ஐஸ் பிடிப்பதாக இருந்தால் அப்போதுதான் பிடிக்கும். பத்து நிமிடம், மலை ஏறியவள்போல் இழுத்தாள். ரெகுலேட்டர் ஒழுகவில்லை. ஆனால் வேறொன்று தெரிந்தது. ஒவ்வொரு மூச்சையும் மல்லுக்கட்டி வாங்க வேண்டியிருந்தது. கன்னம் வலித்தது. நெஞ்சுக்குள் யாரோ கையை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது.

மேலே வந்து ரெகுலேட்டரை எடுத்தாள். பல் தந்தியடித்தது. "அழகா, இழுக்கக் கஷ்டமா இருக்குடா."

அழகன் சிரிக்காமல் கேட்டான். "மீட்டர் என்னாக்கா காட்டுது?"

"எட்டரைதான்…"

"அப்ப ஒங்க நெஞ்சுல சளியாதான் இருக்கும்."

நாலு சுழியோடிகளும் படியில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். பெற்றீசியா ஈரத்தோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். "நீங்க எத்தன தடவ சொல்லியிருப்பீங்க," என்றாள். "நான் ஒருக்காகூட காது குடுத்துக் கேக்கல. மன்னிச்சுக்கங்க தம்பிங்களா." அதைக் கேட்டதும் அவர்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவன் ஓடிப்போய் அவளுடைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்தான். ரெகுலேட்டரை நன்றாகத் துடைத்து, வாய்ப் பகுதியின் வில்லை, பயத்தில் இறுக்கிய அந்தக் கால் சுற்று மட்டும் தளர்த்தினாள். யாரும் சொல்லாமலே மறுபடியும் கடித்துக்கொண்டு தானாகவே படியில் இறங்கினாள். வேகவேகமாகப் பத்து நிமிடம். ஒழுகவில்லை, காற்று இப்போது இலகுவாக வந்தது. மற்ற மூன்றையும் அதே அளவுக்குத் தளர்த்திக் கொடுத்தாள்.

அழகன் அவள் கையிலிருந்தே ரெகுலேட்டரை வாங்கினான். கடிக்கும் ரப்பரைத் தண்ணீரில் ஒருமுறை அலசினான். வாயில் வைத்தான். கையை உயர்த்திக் காட்டிவிட்டு, அடைப்பைப் பார்த்துவர முதல் ஆளாக இறங்கிப் போனான்.

பெற்றீசியா கயிற்றோரம் நின்றாள். காவல்காரரின் மனைவி கம்பளியைப் போர்த்திவிட்டாள், அது சரிந்தது பெற்றீசியாவுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமும் சாமானைக் கொடுத்துவிட்டு அடுத்த சாமானைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவாள். ஒருவன் இறங்கி ஏறும் வரை கரையில் நின்று பார்த்ததே இல்லை. அவளுக்கு இப்போதுதான் கீழே எப்படி இருக்கும் என்று தெரியும். தெரிந்த பிறகு நிம்மதியாக நிற்க முடியவில்லை. குமிழி வரும். நிற்கும். மறுபடியும் வரும். நிற்கும் நேரத்தில் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாதாவே, மாதாவே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பழனியாண்டி தேத்தண்ணீர் நீட்டினார், வேண்டாமென்று தலையாட்டினாள். இருபத்தைந்து நிமிடம் அப்படியே போயிற்று.

கயிறு இரண்டு தடவை ஆடியது. அழகனின் தலை மேலே வந்தது. ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு, படியில் ஏறுவதற்கு முன்னமே பேச ஆரம்பித்தான்.

"பழனியாண்டி அண்ணே, கீழ ஒரு கடையே கெடக்குது. ஒரச் சாக்கு மட்டும் ஏழெட்டு. பஸ் டயர் ஒன்னு. எவனோ வேலிக் கம்பியச் சுருளோட உருட்டி வுட்டுருக்கான், அதுதான் முழு வாயையும் அடச்சுக்கிட்டு நிக்குது. கையால இழுக்க ஏலாது. நாளைக்குப் பெரிய கத்திரி ஒன்னு கொண்டாங்க. இன்னும் நாலு நாளுல முடிச்சுடலாம்."

பெற்றீசியா காத்திருந்தாள். அவன் டயரின் அளவைக் கையால் காட்டினான். கத்திரி எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொன்னான். காலில் உரசிய மீனைப் பற்றிச் சொன்னான்.

"அப்பறம்?" என்றாள் அவள்.

"அப்பறம் என்னாக்கா? அவ்வளவுதான். தேத்தண்ணி இருக்கா?"

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருபத்தைந்து நிமிடமும் மூச்சு என்று ஒன்று இருப்பதையே அவன் மறந்துபோயிருந்தான். பெற்றீசியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் ஓடிப்போய்ப் பிளாஸ்க்கைத் திறந்து அவனுக்கு ஊற்றினாள். கோப்பை நிரம்பி வழிந்து தேத்தண்ணீர் படியில் கொட்டியது.